பழைய புல்லட்டுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். 1996-ஆம் ஆண்டின் வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350 உங்களிடம் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குத் தினமும் அதில்தான் போய்வருகிறீர்கள். விடுமுறை நாளில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போவதுண்டு. தனியாக ஓட்டும்போது வேகத்தடை ஒன்றைத் தாண்டினால் வண்டியின் பின்பக்கம் இரண்டு மூன்று முறை எழும்பித் தாழ்ந்த பிறகே அடங்குகிறது. இருவராகப் போகும்போது பள்ளத்தில் விழுந்தால் ‘டங்’கென்று இரும்பு மோதும் சத்தம் கேட்கிறது. ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் பக்கவாட்டில் கேஸ் டப்பா வைத்த ஷாக் அப்சார்பர் ஜோடி ஒன்றைக் காட்டி, இதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றிருக்கிறார். வாங்கலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த ஜோடி நல்லதா கெட்டதா என்பது அடுத்த விஷயம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் இரண்டு வெவ்வேறு பாகங்களின் குறைகள் என்பதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எழும்பித் தாழ்ந்து ஆடுவது, ஷாக்கின் உள்ளே எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி ஆட்டத்தை அடக்கும் பகுதி, அதாவது டேம்பர், செத்துவிட்டதைக் காட்டுகிறது. அடியில் போய் மோதுவது, சுமைக்கு ஸ்பிரிங் போதவில்லை என்பதைக் காட்டுகிறது. ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, டேம்பர் ஸ்பிரிங்கை அடக்குகிறது. இவற்றில் எது எந்த அளவுக்கு வேண்டும் என்பதை உங்கள் உடல் எடையும் பின்னால் அமர்பவரின் எடையும்தான் தீர்மானிக்கின்றனவே தவிர, டப்பாவின் நிறமோ விலைச்சீட்டோ அல்ல. அந்தக் கடைக்காரர் உங்கள் எடையைக் கேட்டாரா என்று யோசித்துப் பாருங்கள்.

ஷாக்கின் மீது பழிபோடுவதற்கு முன், பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மைப் பார்த்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்விங் ஆர்மின் பின்முனையைப் பிடித்து இடமும் வலமுமாக அசைக்க வேண்டும். அது சேஸிஸோடு இணையும் அச்சின் புஷ் தேய்ந்திருந்தால் கைக்கே ‘டொக் டொக்’கென்று ஆட்டம் தெரியும். சந்தேகமிருந்தால் ஷாக்குகளின் கீழ்ப்பக்க நட்டுகளைக் கழற்றி விடுவித்துவிட்டு மீண்டும் அசைத்துப் பாருங்கள், ஒளிவுமறைவில்லாமல் தெரிந்துவிடும். அப்படியே சக்கர பேரிங்கையும், ஷாக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்களையும் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டு வெயிலில் காய்ந்த ரப்பர் கல்லாகியிருக்கும், இல்லையென்றால் உதிர்ந்து துளை முட்டை வடிவாகியிருக்கும். நீங்கள் கேட்கும் ‘டங்’ சத்தத்தில் ஒரு பங்கு இங்கிருந்து வருவதற்கும் வாய்ப்பு உண்டு. இந்த ஆட்டங்களை விட்டுவைத்து எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் வளைவில் பின்பக்கம் நெளிவது நிற்காது.

பிறகு ஷாக்கையே பார்ப்போம். பழைய புல்லட்டில் ஸ்பிரிங்கை மூடி ஒரு தகரக் கூடு இருக்கும்; அதனால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது வெளியில் தெரிவதில்லை. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி உள்ள பட்டறையில் கொடுத்துக் கூட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கருவி இல்லாமல் இரண்டு பேர் மிதித்துக் கழற்றுகிற வேலைக்கு ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம், அழுத்தத்தில் உள்ள ஸ்பிரிங் தெறித்தால் விரல் போய்விடும். கழற்றியதும் நடுவிலுள்ள குரோம் பூசிய ராடைத் துணியால் துடைத்துவிட்டு, நகத்தை அதன் நீளவாக்கில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அங்கே குரோம் பொத்துப்போய் நுண்ணிய குழி விழுந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறை ஷாக் இறங்கி ஏறும்போதும் அந்தக் குழியின் விளிம்பு, எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீலின் உதட்டைச் சீவுகிறது. எண்ணெய் மெல்லக் கசிந்து, அதில் தூசி ஒட்டி, கூட்டின் உட்புறம் கருப்புக் களிம்பாகப் படிந்திருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் வண்டிகளில் இதை மிகுதியாகக் காணலாம். உப்புக்காற்றோடு, வடகிழக்குப் பருவமழையில் முழங்கால் தண்ணீரில் வண்டியை ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்திவைப்பதும் சேர்ந்துகொள்கிறது. வேளச்சேரிவாசியான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ராடில் குழி விழுந்துவிட்டால் சீலை மட்டும் மாற்றுவது வீண்செலவு. புதுப்பேட்டையில் ‘ரீகண்டிஷன்’ என்று விற்கப்படும் ஷாக்குகளில் பல, மேலே பெயின்ட் அடித்து உள்ளே கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றி மூடியவை. இன்ஜின் ஆயில் இந்த வேலைக்குக் கெட்டியானது. வெயிலில் இளகும்போது அதன் தன்மை வெகுவாக மாறிவிடும். காலையில் கட்டையாக இருக்கும் ஷாக் மதியம் மூன்று மணிக்கு ஊஞ்சலாகிவிடும். இன்ஜின் பாகங்களுக்கும் மெட்கார்டுக்கும் நானும் புதுப்பேட்டைக்குத்தான் போகிறேன். ஷாக்குக்கு மட்டும் போவதில்லை.

இனி நீங்கள் வீட்டிலேயே செய்ய வேண்டிய அளவெடுப்பு. டேப் ஒன்று, உதவிக்கு இருவர், அரை மணி நேரம் போதும். பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே, மெட்கார்டிலோ சீட்டின் அடியிலோ ஒரு புள்ளியை மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது அச்சுக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம் முதல் அளவு. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, யாரும் உட்காராமல் நிமிர்த்திப் பிடித்து எடுப்பது இரண்டாவது. நீங்கள் ஹெல்மெட்டும் பையுமாக, இரு கால்களையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்கார்ந்த நிலையில் எடுப்பது மூன்றாவது. மனைவியும் ஏறி அமர்ந்தபின் நான்காவது. ஒவ்வொரு முறையும் சீட்டை இருமுறை அழுத்தி விட்டுவிட்டு அளந்தால் புஷ்களின் உராய்வால் வரும் பிழை குறையும்.

முதல் அளவிலிருந்து மற்ற மூன்றையும் தனித்தனியே கழித்தால், அந்தந்தச் சுமைக்குப் பின்பக்கம் இறங்கும் தூரம் கிடைக்கும். இந்த அளவுகள் எதற்கு என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். எளிதாகப் புரிய எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். உங்கள் வண்டியின் எண்களை நீங்கள் அளந்துதான் போட வேண்டும். புல்லட்டின் எடை 160 கிலோவைத் தாண்டும். அதில் பாதிக்குச் சற்று அதிகமாகவே பின்னால் விழுகிறது. சக்கரம், பிரேக் டிரம் போன்றவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் அவற்றைக் கழித்துவிட்டால், பின் ஸ்பிரிங்குகள் தாங்குவது ஏறக்குறைய 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 75 கிலோ என்றால் அதில் 50 கிலோ அளவு பின்னால் சேரும். பின்னிருக்கை அச்சுக்கு ஏறக்குறைய மேலேயே இருப்பதால், அங்கே அமரும் 60 கிலோ முழுவதும் பின் ஸ்பிரிங்கின் தலையில்தான். ஆகத் தனியாகப் போகும்போது 110 கிலோ, இருவராக 170 கிலோ. பின்சக்கரம் ஏறி இறங்கும் மொத்தத் தூரம் 80 மி.மீ. என்றும், இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு மி.மீ. இறங்க 3 கிலோ கேட்கின்றன என்றும், பொருத்தும்போதே அவை 30 கிலோ அழுத்தத்தில் இறுக்கப்பட்டிருக்கின்றன என்றும் கொள்வோம்.

அப்படியானால் நீங்கள் மட்டும் உட்கார்ந்தால் பின்பக்கம் 27 மி.மீ. இறங்கும். 80 மி.மீ. என்ற மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. இது ஏற்கத்தக்க அளவு. மனைவியும் அமர்ந்தால் 47 மி.மீ. இறங்கிவிடும். மிச்சமிருக்கும் 33 மி.மீ.-க்குள் பள்ளத்தின் அடி முழுவதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னும் 100 கிலோ விசை வந்தால் ஷாக் அடியில் போய் மோதிவிடும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய இடங்களின் விளிம்பில் ஏறி இறங்கும்போது இந்த 100 கிலோ எளிதில் தாண்டப்படும்.

இதற்கு மெக்கானிக்குகள் செய்யும் வழக்கமான வைத்தியம், ஸ்பிரிங்கின் கீழே வெட்டிய பைப் துண்டையோ தடித்த வாஷரையோ வைப்பதுதான். ஷாக்கின் அடியிலுள்ள வளையத்தைத் திருப்பி இறுக்குவதும் அதே வகை. அதனால் ஸ்பிரிங்கின் தொடக்க அழுத்தம் மட்டும் கூடுகிறது, ஸ்பிரிங்கின் கடினம் கூடுவதில்லை. மேற்சொன்ன கணக்கில் கூடுதலாக 8 மி.மீ. இறுக்கினால் தொடக்க அழுத்தம் 54 கிலோவாகும். இருவர் அமர்ந்தால் 39 மி.மீ. இறங்கும், மோதுவதற்கு இன்னும் 124 கிலோ தேவைப்படும். முன்னேற்றம்தான். ஆனால் யாரும் உட்காராத வண்டி 2 மி.மீ.தான் இறங்கி நிற்கும், அதாவது ஷாக் முழுவதும் நீண்ட நிலையிலேயே நிற்கும். தனியாகப் போகும்போது சக்கரம் பள்ளத்துக்குள் கீழே நீள இடம் குறைந்து தரையை விட்டுத் துள்ளும். இடுப்புக்கும் அது நல்லதல்ல. அளவுக்கு மீறித் துண்டு வைத்தால், முழுவதும் அழுந்தும்போது சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு, ஷாக் முடியுமுன் ஸ்பிரிங் முடிந்துவிடும். அப்போது அடி நேராக சேஸிஸின் மேல் பிடிப்பில் விழும். பற்றவைத்த அந்த இடத்தில் விரிசல் கண்ட பழைய வண்டிகள் உண்டு.

அதற்குப் பதிலாக, தொடக்க அழுத்தத்தை அதே 30 கிலோவில் வைத்துக்கொண்டு 20 விழுக்காடு கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு மி.மீ.-க்கு 3.6 கிலோ. தனியாக 22 மி.மீ., இருவராக 39 மி.மீ. இறங்கும், மோதுவதற்கு 148 கிலோ வேண்டும். காலி வண்டி 8 மி.மீ. இறங்கி நிற்பதால் சக்கரம் கீழே நீளவும் இடமிருக்கிறது. உங்கள் இரண்டாவது குறைக்குத் தீர்வு இங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்த 20 விழுக்காட்டைக் கடையில் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு சுருள் ஸ்பிரிங்கின் கடினம் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கோடு ஏறுகிறது, சுருளின் விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு இறங்குகிறது, சுற்றுகளின் எண்ணிக்கை கூடக்கூடக் குறைகிறது. கம்பி 7 மி.மீ.-இலிருந்து 7.5 மி.மீ. ஆனாலே, மற்றவை மாறாதிருந்தால், கடினம் 32 விழுக்காடு கூடிவிடுகிறது. அரை மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலுள்ள சிவப்பு பெயின்ட் மட்டும் நன்றாகத் தெரியும். ஆகவே வெர்னியர் காலிப்பரோடு போங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், கழற்றிய பழைய ஸ்பிரிங்கை ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று, பில்லர் டிரில்லின் அடியில் எடை பார்க்கும் மெஷினை வைத்து அதன் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, பத்துப் பத்து மி.மீ.-ஆக அழுத்தி எடையைக் குறித்துக்கொள்ளலாம்.

சிலர் கேட்பார்கள், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதாதா என்று. டேம்பர் நல்ல நிலையில் இருந்தால் ஓரளவுக்குப் போதும். உங்கள் வண்டியில் அது ஏற்கெனவே போய்விட்டது. கடினமான ஸ்பிரிங் அழுந்தித் திரும்பும்போது கூடுதல் விசையோடு உதைக்கும். அடக்க ஆளில்லாவிட்டால் வேகத்தடைக்குப் பின் வரும் ஆட்டம் இன்னும் மோசமாகும். ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வந்த முழு ஷாக்கை, இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுவதே உங்களுக்குச் சரி. ஒரு பக்கம் மட்டும் கசிகிறது என்று ஒன்றை மட்டும் மாற்றுவது ஸ்விங் ஆர்மை முறுக்கும் வேலை.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண ஷாக்கின் உள்ளே எண்ணெயோடு கொஞ்சம் காற்றும் இருக்கும். மோசமான சாலையில் தொடர்ந்து ஓடும்போது இரண்டும் கலந்து நுரைக்கும். நுரை துளை வழியே எளிதில் ஓடிவிடுவதால் டேம்பிங் குறைந்துபோகும். காற்றுக்குப் பதில் நைட்ரஜனை அழுத்தத்தோடு அடைத்தால் இந்த நுரைத்தல் வெகுவாகக் கட்டுப்படும். கேஸ் ஷாக்கின் உண்மையான பயன் இவ்வளவே. வெளியே தனி டப்பா வைப்பதால் எண்ணெயின் அளவு கூடி, சூடு பரவ இடம் கிடைக்கிறது; டப்பாவுக்குள் தனிப் பிஸ்டன் வைத்து எண்ணெயையும் கேஸையும் பிரித்து வைக்கவும் முடிகிறது. நீண்ட நேரம் கரடுமுரடான பாதையில் விரைந்து ஓடும் வண்டிக்கு இது வேண்டும். அம்பத்தூர் சிக்னல்களில் நின்று நின்று போகும் வண்டிக்கு டப்பா இல்லாத கேஸ் ஷாக்கே தாராளம். மேலும், மலிவு விலையில் விற்கப்படும் சிலவற்றில் அந்த டப்பா வெறும் அலங்காரம். டப்பாவையும் ஷாக்கின் உடலையும் இணைக்கும் குழாயோ, ஒரே வார்ப்பாக வந்த கழுத்தோ இல்லாமல், கிளாம்ப் போட்டு ஒட்டவைத்ததுபோல் இருந்தால் கையிலேயே தொடாதீர்கள். நல்ல ஷாக்காக இருந்தாலும், தலைகீழாகப் பொருத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லாதவரை தலைகீழாகப் பொருத்தக் கூடாது. எண்ணெயும் கேஸும் ஒரே அறையில் இருக்கும் வகையில் கேஸ் இடம் மாறி டேம்பிங் இல்லாமல் போய்விடும்.

நீளத்தில் விளையாட வேண்டாம். மேல் துளையின் மையத்திலிருந்து கீழ்த் துளையின் மையம் வரை உள்ள நீளம், துளையின் விட்டம், புஷ்ஷின் அகலம் ஆகிய மூன்றையும் பழையதில் அளந்து எழுதிக்கொண்டு, அதே அளவில் வாங்குங்கள். புல்லட்டின் ஷாக்குகள் அச்சுக்கு அருகிலேயே நிற்பதால், நீளம் 10 மி.மீ. கூடினால் பின்பக்கமும் ஏறக்குறைய அந்த அளவோ சற்று அதிகமாகவோ எழும்பும். முன்ஃபோர்க்கின் சாய்வு அரைப் பாகை அளவு நிமிர்ந்து, ஹேண்டில் இலேசாகத் திரும்பத் தொடங்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும். சென்டர் ஸ்டாண்டில் போட்டால் பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே நிற்கும். ஸ்டைலுக்காகப் பின்பக்கத்தைத் தூக்கும் நீட்டிப்புத் துண்டுகளைக் கடைகளில் விற்கிறார்கள். அவற்றைப் பற்றி நான் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்ல முடியாது. நீளத்தைக் குறைத்தால் வேறு தொல்லை, டயர் மெட்கார்டின் உட்புறத்தை உரசும். பின்னாளில் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கின் கேஸ் ஷாக்கை அப்படியே எடுத்துப் பழைய புல்லட்டில் மாட்டலாம் என்று பலரும் சொல்வார்கள்; அதையும் இந்த மூன்று அளவுகளால் சோதித்த பிறகே நம்புங்கள்.

சுற்றளவையும் மறக்க வேண்டாம். கூடு போட்ட பழைய ஷாக் இருந்த இடத்தில் தடித்த ஸ்பிரிங் வந்தால், இடப்பக்கம் செயின் கவரோடும் சாரி கார்டோடும், வலப்பக்கம் சைலன்சரோடும் இடைவெளி போதாமல் போகலாம். அதற்காகச் சாரி கார்டைக் கழற்றிப் போடுவது எளிதான வழிபோலத் தோன்றும், செய்யாதீர்கள். பின்னால் அமர்பவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி. உங்கள் மனைவி சேலையோ துப்பட்டாவோ அணிந்து அமர்பவர் என்றால் விதியைச் சொல்லத் தேவையே இல்லை.

எதை வாங்குவது? கேப்ரியல் நிறுவனம் 1961-லிருந்து இந்தியாவில் ஷாக் அப்சார்பர் செய்துவருகிறது. அதன் புதிய ஜோடியோ, ராயல் என்ஃபீல்டின் அசல் உதிரிபாகமோ போட்டாலே, இத்தனை ஆண்டு தேய்ந்த ஷாக்கோடு பழகிய உங்களுக்கு வண்டி புதிதாகத் தெரியும். டூப்ளிகேட் ஜோடிகள் நிறையப் புழங்குவதால் பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். அதற்கு மேல் போக விரும்பினால் தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ்., இங்கிலாந்தின் ஹேகன், ஆஸ்திரேலியாவின் ஐகான் ஆகியவை இரட்டை ஷாக் வண்டிகளுக்கும் தயாரிப்பவை. ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் ஆகியோரின் எடையைச் சொன்னால் அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு வாங்கும் வாய்ப்பு இவற்றில் உண்டு. கூடுதல் விலைக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. எடையைச் சொல்லாமல் வாங்கினால் அந்தப் பணத்தைக் கேப்ரியலில் மிச்சப்படுத்தியிருக்கலாம். உங்களைப்போல் வாரநாளில் தனியாகவும் விடுமுறையில் இருவராகவும் போகிறவர்களுக்கு, ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுமுனையில் விலகியும் உள்ள ஸ்பிரிங் பொருத்தம். சுமை ஏறும்போது நெருங்கிய சுற்றுகள் ஒன்றோடொன்று படிந்துவிட, மிஞ்சிய சுற்றுகள் கூடுதல் கடினத்தோடு தாங்கும்.

பொருத்துவது பெரிய வேலையல்ல. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தின் அடியில் ஒரு கட்டையைச் சொருகி, ஒரு பக்கத்தை மாற்றி முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஸ்விங் ஆர்ம் கீழே தொங்கி, செயினையும் பிரேக் ராடையும் இழுக்கும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு நட்டை முறுக்க வேண்டாம். ரப்பருக்குள் இரும்புக் குழாய் ஒட்டிவந்த புஷ்ஷாக இருந்தால், வண்டியைத் தரையில் இறக்கி ஒருவர் மேலே உட்கார்ந்த நிலையில் கடைசி முறுக்கைக் கொடுங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும். செயினின் தளர்வையும் அதேபோல் ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அந்த நிலையிலும் சிறிது தளர்வு மிஞ்ச வேண்டும்.

மாட்டியதும் அந்த நான்கு அளவுகளையும் மீண்டும் எடுங்கள். தனியாக அமரும்போது மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகிலும், இருவராக அமரும்போது பாதிக்குக் குறைவாகவும் இறங்கினால் அப்படியே விட்டுவிடலாம். மாமல்லபுரம் போகும் நாளில் வளையத்தை ஒன்றிரண்டு படி ஏற்றிக்கொண்டு, திரும்பி வந்ததும் இறக்கிவிடுங்கள். டேம்பிங் திருகும் இருந்தால், தயாரிப்பாளர் சொன்ன நடு நிலையிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு கிளிக் மட்டும் மாற்றி, ஒரே வேகத்தடையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். எழும்பி ஒருமுறை திரும்பி நின்றால் சரி. அடுத்தடுத்துப் பள்ளங்கள் வரும்போது பின்பக்கம் மேலே வர நேரமில்லாமல் இறங்கிக்கொண்டே போனால் திருகு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு நான்கு நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும், புதிய ரப்பர் சற்று அமர்ந்து தளரும்.

ஆவணம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுப்பது, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை. அதே நீளத்தில் ஷாக் மாற்றுவது அந்தச் சான்றின் எந்த வரியையும் தொடுவதில்லை. இருந்தாலும், 1996-ஆம் ஆண்டு வண்டி என்றால் முதல் பதினைந்து ஆண்டுக்குப் பின் 2011, 2016, 2021, 2026 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தலுக்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டியிருக்கும். அங்கே கேள்வி எழுந்தால் காட்டுவதற்குக் கடை பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பழைய ஷாக்குகளின் தகரக் கூடுகள் நசுங்காமல் இருந்தால் அவற்றையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்.